மனைவிக்கு ஆறு மாதம்: கனடாவில் ஒரு நூற்றாண்டுக் காத்திருப்பு

1912 ஜனவரியில் 'மொன்ரீகிள்' என்ற கப்பல் ஹொங்கொங்கிலிருந்து வன்கூவர் துறைமுகத்துக்கு வந்தது. அதில் பாக் சிங், பல்வந்த் சிங் என்ற இரண்டு சீக்கியர்கள் தங்கள் மனைவி பிள்ளைகளோடு வந்திருந்தார்கள். இருவரும் வன்கூவருக்குப் புதியவர்கள் அல்லர். பாக் சிங் அங்குள்ள குருத்துவாராவை நடத்திய சங்கத்தின் தலைவர். பல்வந்த் சிங் அதே கோயிலில் வேதம் ஓதும் கிரந்தி. குடும்பத்தைக் கூட்டி வருவதற்காகவே ஊருக்குப் போய்த் திரும்பியவர்கள். ஆண்கள் இறங்கலாம், பெண்களும் பிள்ளைகளும் இறங்கக் கூடாது என்றார்கள் குடிவரவு அதிகாரிகள். நாடு கடத்தும் உத்தரவும் போட்டார்கள். வன்கூவரில் எதிர்ப்புக் கிளம்பியது. வழக்கும் போனது. கடைசியில் ஒட்டாவா இறங்கி வந்தது. எப்படி இறங்கி வந்தது என்பதைத்தான் கவனிக்க வேண்டும். இந்தப் பெண்கள் இங்கே தங்குவது அவர்களது உரிமை அல்ல, அரசு காட்டும் கருணை. வேறு எவரும் இதை முன்னுதாரணமாகக் காட்ட முடியாது என்ற நிபந்தனையோடுதான் அனுமதி வந்தது.

நான் ரொறன்ரோவின் ஸ்காபரோவில் ஆவணங்கள் மொழிபெயர்ப்பவள். பிறப்புப் பத்திரம், கலியாணப் பதிவு, கிராம சேவகரின் கடிதம் எல்லாவற்றையும் தமிழிலிருந்து ஆங்கிலமாக்கிக் கையொப்பமிட்டுக் கொடுப்பது என் தொழில். அந்தத் தொழிலோடு ஒட்டிக்கொண்டு இன்னொரு வேலையும் வந்து சேர்ந்தது. கணவனோ மனைவியோ விசிற்றராக வந்து நின்று, பி.ஆர். என்ற நிரந்தர வதிவிட விண்ணப்பத்தையும் போட்டுவிட்டு, முடிவு வரும்வரை தங்கும் அனுமதியை நீட்டிக்கொண்டிருக்கும் குடும்பங்களோடு உட்கார்ந்து, அவர்களுக்கு வந்த கடிதங்களை வாசித்துச் சொல்வது. அதற்கு நான் காசு வாங்குவதில்லை. காசு வாங்கிக்கொண்டு ஆலோசனை சொல்வது சட்டத்தரணிகளுக்கும் உரிமம் பெற்ற ஆலோசகர்களுக்கும் உரிய வேலை. நான் பக்கத்தில் இருந்து வாசிக்கிறேன், அவ்வளவுதான்.

இத்தனை காலமாக அந்தக் கடிதங்களை வாசித்ததில் எனக்கு ஒன்று உறுதிப்பட்டிருக்கிறது. 1912இல் அந்தப் பெண்களிடம் காட்டிய மனப்பாங்கு இந்த நாட்டின் விதிகளிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விலகியிருக்கிறது. இன்னும் முழுதாக விலகவில்லை. கணவனுக்கு இருக்க இடம் கொடுத்த நாடு, மனைவியை எப்போதும் 'இப்போதைக்கு இரு' என்று சொல்லியே வைத்திருக்கிறது. அந்த 'இப்போதைக்கு' என்பதன் வரலாறுதான் இந்தக் கட்டுரை.

சிலருக்குக் கப்பல், சிலருக்குத் தடை

பாக் சிங்கின் குடும்பத்தைத் தடுத்த விதி 1908இல் வந்தது. பிறந்த நாட்டிலிருந்து இடையில் எங்கும் மாறாமல், ஒரே பயணச் சீட்டில் நேராக வந்தவரைத்தான் கனடாவுக்குள் விடலாம் என்பது அந்த விதி. அன்றைக்கு இந்தியாவிலிருந்து கனடாவுக்கு நேர்க் கப்பல் கிடையாது. ஆகவே விதியில் இந்தியர் என்ற சொல் இல்லாமலே இந்தியர்கள் தடுக்கப்பட்டார்கள். போதாததற்கு ஆசியர்கள் கையில் 200 டொலர் வைத்திருக்க வேண்டும் என்றும் இருந்தது. 1914இல் 376 பேரோடு வந்த 'கொமகத்த மாரு' கப்பல் இரண்டு மாதம் வன்கூவர் கடலில் நின்று, பெரும்பாலானவர்களை இறக்க முடியாமலே திரும்பிப் போன கதை பலருக்குத் தெரியும். அந்தக் கதைக்குள் இருக்கும் இன்னொரு கதை, ஏற்கெனவே இங்கே வேலை செய்துகொண்டிருந்த ஆண்களின் மனைவிமார் பற்றியது. ஆயிரக்கணக்கான ஆண்கள் மர ஆலைகளில் உழைத்தார்கள். அவர்களது மனைவிமார் பஞ்சாபில் இருந்தார்கள். ஆண்கள் ஊருக்குப் போய் வந்தால், திரும்பி உள்ளே விடுவார்களா என்ற பயம்.

முதல் உலகப் போரில் இந்தியப் படைகள் பிரித்தானியாவுக்காக இரத்தம் சிந்திய பிறகுதான் அந்தத் தடை தளர்ந்தது. லண்டனில் நடந்த பேரரசு மாநாட்டின் முடிவை ஏற்று, 1919இல் கனடா இங்குள்ள இந்தியர்களின் மனைவியரும் வயது வராத பிள்ளைகளும் வரலாம் என்றது. அனுமதி வந்ததே தவிர, காகித வேலையும் பயணச் செலவும் குறையவில்லை. தொடக்க ஆண்டுகளில் வந்து சேர்ந்த பெண்கள் மிகச் சிலரே.

சீனர்களின் நிலை இதைவிடக் கொடியது. 1885இல் தலைக்கு 50 டொலராகத் தொடங்கிய வரி, 1903இல் 500 டொலராக உயர்ந்தது. 1923 ஜூலை 1 முதல் சீனர் வருகையையே சட்டம் ஏறக்குறைய முழுதாக நிறுத்தியது. அந்தச் சட்டம் 1947இல்தான் நீக்கப்பட்டது. ரயில் பாதை போட்டவர்களும் சலவைக் கடை நடத்தியவர்களும் கால் நூற்றாண்டுக் காலம் மனைவியின் முகம் பாராமல் காசு அனுப்பிக்கொண்டே கிழவரானார்கள்.

அதே காலத்தில் அதே அரசு வேறொரு மனைவியர் கூட்டத்தை எப்படி வரவேற்றது என்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். இரண்டாம் உலகப் போரில் ஐரோப்பாவுக்குப் போன கனடியச் சிப்பாய்கள் பிரித்தானியாவிலும் ஒல்லாந்திலும் மணம் முடித்தார்கள். 1942 முதல் 1948 வரை அப்படிச் சுமார் 48,000 மனைவியரும் 22,000 பிள்ளைகளும் கனடாவுக்கு வந்தார்கள். லண்டனில் அவர்களுக்கென்றே 1944இல் ஒரு பணியகம் திறந்தார்கள். கப்பல் செலவை அரசு கொடுத்தது. ஹலிஃபக்ஸ் துறைமுகத்தின் 21ஆம் இறங்குதுறையில் இறக்கி, அங்கிருந்து ரயிலில் கணவன் வீடு வரை கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். கணவனின் நிலையே மனைவியின் நிலை என்று எடுத்துக்கொண்டார்கள்.

ஒரு நாடு மனசு வைத்தால் மனைவியைக் காத்திருக்க வைக்காமல் வீட்டில் கொண்டுபோய்ச் சேர்க்க முடியும் என்பதற்கு 1940களின் அந்தக் கப்பல்களே சாட்சி. முடியாது என்று இன்றைக்கு யாராவது சொன்னால் நான் இதைத்தான் சொல்வேன்.

விசிற்றராக வந்து இங்கேயே விண்ணப்பித்த காலம்

எங்கள் நாடான இலங்கையின் பெயர் கனடாவின் குடிவரவுக் கணக்கில் தனியாக ஏறியது 1951இல். இந்தியாவுக்கு ஆண்டுக்கு 150 பேர், பாகிஸ்தானுக்கு 100 பேர், இலங்கைக்கு 50 பேர் என்று ஒதுக்கினார்கள். இலங்கை முழுவதற்கும் ஐம்பது. 1962இல் அமைச்சர் எலன் ஃபெயர்குளோ கொண்டுவந்த விதிகளோடு இனப் பாகுபாட்டின் பெரும்பகுதி நீங்கியது. 1967இல் புள்ளி முறை வந்தது.

1967 விதிகளில் இன்று பலர் மறந்துபோன ஒரு பிரிவு இருந்தது. விசிற்றராக வந்தவர் நாட்டுக்குள் இருந்துகொண்டே நிரந்தர வதிவிடத்துக்கு விண்ணப்பிக்கலாம் என்றது 34ஆம் பிரிவு. அதே ஆண்டு வந்த மேன்முறையீட்டுச் சபைச் சட்டம், நாடு கடத்தும் உத்தரவு பெற்ற எவரும் மேன்முறையீடு செய்யலாம் என்றது. உலகின் பல மூலைகளிலிருந்தும் ஆட்கள் விசிற்றராக வந்து இறங்கி, இங்கேயே படிவம் நிரப்பினார்கள். மேன்முறையீட்டுச் சபையில் வழக்குகள் மலைபோலக் குவிந்தன. 1972 நவம்பர் 3இல் அரசு ஒரே நாளில் அந்தக் கதவை மூடியது. ஏற்கெனவே உள்ளே நின்றவர்கள் நடுவில் மாட்டிக்கொண்டார்கள். அவர்களுக்காக 1973 ஓகஸ்ட் 15 முதல் ஒக்டோபர் 15 வரை ஒரு பொது வாய்ப்புக் கொடுத்தார்கள். அந்த இரண்டு மாதத்தில் சுமார் 39,000 பேர் தங்கள் நிலையைச் சீராக்கிக்கொண்டார்கள்.

இந்த ஆறு ஆண்டுகளின் கதை எனக்கு முக்கியமாகப் படுவதற்குக் காரணம் இருக்கிறது. விசிற்றராக வந்தவரிடம் 'நீ திரும்பிப் போய்விடுவாயா?' என்று கேட்கும் பயம் அதற்கு முன்பும் இருந்ததுதான். ஆனால் 1972க்குப் பிறகு அது அமைப்பின் எலும்புக்குள் இறங்கிவிட்டது. 1976இல் நிறைவேறி 1978 ஏப்ரல் 10இல் நடைமுறைக்கு வந்த குடிவரவுச் சட்டம், குடும்ப வகுப்பு என்று ஒன்றை முறையாக ஏற்படுத்தியது. கனடாவில் வாழ்பவர் தன் கணவனையோ மனைவியையோ ஸ்பொன்சர் செய்வது அதன் பிறகு சட்டத்தில் உறுதியான இடம் பெற்றது. ஆனால் அதே சட்டம், குடியேற வருபவர் கனடாவுக்கு வெளியே இருந்துதான் விசா எடுத்து வர வேண்டும் என்றும் சொன்னது. உள்ளே இருந்து விண்ணப்பிக்க வேண்டுமென்றால் மனிதாபிமானக் காரணம் காட்டி விதிவிலக்குக் கேட்க வேண்டும். கனடியரை உண்மையாக மணந்திருப்பதை அப்படியொரு காரணமாக அதிகாரிகள் ஏற்றுக்கொண்டு வந்தார்கள். இருந்தும் அது விதிவிலக்குத்தான். கேட்டால் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம்.

அந்த விதிவிலக்கைக் கையாளும் அதிகாரிக்கும் எல்லை உண்டு என்று நிலைநாட்டியவர் மேவிஸ் பேக்கர் என்ற ஜமேக்காப் பெண். 1981இல் விசிற்றராக வந்தவர், வீட்டு வேலை செய்து வாழ்ந்தவர், இங்கே நான்கு பிள்ளைகள் பெற்றவர். அவருடைய மனிதாபிமான விண்ணப்பத்தை நிராகரித்த அதிகாரியின் குறிப்புகள் பக்கச் சாய்வாக இருந்தன. 1999 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அந்த முடிவை ரத்துச் செய்தது. விண்ணப்பத்தை நியாயமாகப் பார்க்க வேண்டும், பிள்ளைகளின் நலனை உண்மையாக எடைபோட வேண்டும் என்றது. இன்றைக்கு உள்ளே இருந்து விண்ணப்பிக்கும் எங்கள் பிள்ளைகள் பலருக்கு அவர் பெயர் தெரியாது. தெரிந்திருக்க வேண்டும்.

எங்கள் ஆட்களின் முறை

1983 இனக் கலவரத்துக்குப் பிறகு யாழ்ப்பாணத்திலிருந்தும் வன்னியிலிருந்தும் கிழக்கிலிருந்தும் வந்தவர்களில் பெரும்பாலோர் இளம் ஆண்கள். அகதிக் கோரிக்கை போட்டுவிட்டுக் காத்திருந்தார்கள். 1985இல் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், அகதிக் கோரிக்கையாளருக்கு நேரடி விசாரணை கொடுக்க வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. நல்ல தீர்ப்பு. ஆனால் அத்தனை பேரையும் விசாரிக்க அமைப்பிடம் ஆள் பலம் இருக்கவில்லை. 1989இல் புதிய முறை தொடங்கியபோது பழைய கோரிக்கைகள் பல்லாயிரமாகத் தேங்கி நின்றன. கணவன் ரொறன்ரோவில் உணவகங்களில் கோப்பை கழுவ, மனைவி கொழும்பு லொட்ஜ் அறையிலோ சென்னையில் வாடகை வீட்டிலோ இருந்தாள். கணவனுக்கு நிலை கிடைத்தால்தான் மனைவிக்கு ஸ்பொன்சர்.

அந்தக் காலத்தில் வருங்கால மனைவியையும் ஸ்பொன்சர் செய்யலாம். வந்து இறங்கி 90 நாளுக்குள் கலியாணம் செய்ய வேண்டும் என்பது நிபந்தனை. ஸ்காபரோ மண்டபங்களில் 90களில் நடந்த கலியாணங்கள் சிலவற்றின் முகூர்த்தத்தை ஐயரோடு சேர்ந்து அந்த 90 நாளும் தீர்மானித்தது. 2002இல் வந்த சட்டம் அந்த வகையை எடுத்துவிட்டது.

என் மேசைக்கு வந்த கோப்புகளில் காலம் மாறுவதை நான் ஆதாரங்களில்தான் பார்த்தேன். உறவு உண்மையானது என்று காட்ட 90களில் நீல நிற வான்கடித உறைகள் கட்டுக்கட்டாக வரும். பிறகு தொலைபேசி அட்டைகள். சுரண்டிப் பார்த்து முடித்த அட்டைகளை ரப்பர் வளையம் போட்டுக் கொண்டு வருவார்கள். இப்போது வாட்ஸ்அப் அழைப்புப் பட்டியல். மாறாமல் வருவது கலியாண அல்பம் ஒன்றுதான். பொன்னுருக்கல், கூறை மாற்றுதல், தாலி கட்டுதல், கால் மாறிப் போதல் என்று ஒவ்வொரு படத்துக்கும் கீழே இது என்ன சடங்கு என்று இரண்டு வரி எழுதிக் கொடுப்பேன்.

அதிலும் ஒரு சிக்கல் திரும்பத் திரும்ப வரும். எங்களில் 'எழுத்து' ஒரு நாள், கலியாணம் ஒரு நாள். பதிவாளர் முன்னிலையில் கையொப்பம் வைத்த பிறகும், தாலி கட்டும்வரை பெண் தாய் வீட்டில்தான் இருப்பாள். சில வேளை இடையில் ஒரு வருடம்கூடப் போகும். பதிவுச் சான்றிதழில் ஒரு திகதி, அல்பத்தில் இன்னொரு திகதி. பதிவு முடிந்தும் ஏன் தனித்தனியாக இருந்தார்கள் என்று அதிகாரி கேட்டால், ஆதாரம் இல்லாமல் பதில் சொல்ல முடியாது. அதனால் நான் மொழிபெயர்ப்போடு எங்கள் வழக்கத்தை விளக்கும் ஒரு பக்கக் குறிப்பும் இணைக்கச் சொல்வேன். ஐயர் எழுதிய முகூர்த்தக் கடிதமும் மண்டப ரசீதும் இருந்தால் இன்னும் நல்லது.

வெக்ரவில் என்ற ஊர்

விசாவை நீட்டுவது என்று எங்கள் ஆட்கள் சொல்வது, சட்டப்படி பார்த்தால் விசாவை நீட்டுவது அல்ல. கடவுச்சீட்டில் ஒட்டிய விசா கனடாவின் வாசலுக்கு வருவதற்கு. உள்ளே எவ்வளவு காலம் தங்கலாம் என்பது வேறு. வாசலில் அதிகாரி முத்திரை குத்தி ஒரு திகதி எழுதினால் அந்தத் திகதி வரை. எழுதாவிட்டால் இறங்கிய நாளிலிருந்து ஆறு மாதம். அதற்கு மேல் தங்க விசிற்றர் ரெக்கோட் என்ற தாள் எடுக்க வேண்டும். அந்தத் தாளில், இதை வைத்துத் திரும்ப நாட்டுக்குள் வர முடியாது என்றும் ஒரு வரி இருக்கும். பல பேர் அந்த வரியை வாசிப்பதில்லை. ஊரில் அம்மாவுக்குச் சுகமில்லை என்று போனவர்கள் திரும்பி வர முடியாமல் நின்றிருக்கிறார்கள்.

ஒரு காலத்தில் இந்தத் தாளை உள்ளூர்க் குடிவரவு அலுவலகத்தில் வரிசையில் நின்று வாங்கினார்கள். 1994இல் அல்பேர்ட்டா மாகாணத்தின் வெக்ரவில் என்ற சிற்றூரில் ஒரு மையம் திறந்து, நாடு முழுவதிலுமிருந்து வரும் நீட்டிப்பு விண்ணப்பங்களை அங்கே அனுப்பச் சொன்னார்கள். எட்மன்ரனுக்குக் கிழக்கே சுமார் 100 கிலோமீற்றர். உக்ரேனியக் குடியேறிகள் நிறைய வாழ்ந்த ஊர். அவர்களுடைய வண்ண ஈஸ்டர் முட்டையைப் பெரிய உலோகச் சிற்பமாக 1975இல் அங்கே நிறுத்தியிருக்கிறார்கள். ஸ்காபரோத் தமிழர் பலருக்கு வன்கூவர் எங்கே என்று தெரியாவிட்டாலும் வெக்ரவில்லின் அஞ்சல் குறியீடு தெரிந்திருந்தது. "வெக்ரவில்லுக்குப் போட்டாச்சு" என்றால் வீட்டில் எல்லோருக்கும் விளங்கும். பதிவுத் தபால் துண்டைச் சாமிப் படத்துக்குக் கீழே வைப்பார்கள். பிறகு தினமும் தபால்பெட்டி. 2018இல் அந்த மையத்தை எட்மன்ரனுக்கு மாற்றினார்கள். இப்போது விண்ணப்பம் இணையத்தில் போகிறது. தபால்காரர் வரும் நேரம் பார்த்த கண்கள் இப்போது கைத்தொலைபேசியைப் பார்க்கின்றன.

உரிமைக்கு அருகில்

2002 ஜூன் 28இல் இன்றைய சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதன் விதிமுறைகள் முதன்முறையாகக் கனடாவுக்குள் இருக்கும் கணவன், மனைவி, சேர்ந்து வாழும் துணை ஆகியோருக்கென்று தனி வகுப்பை ஏற்படுத்தின. ஒருவர் தற்காலிகமாக வரும்போதே பின்னர் நிரந்தரமாகத் தங்கவும் விரும்பலாம், அந்த விருப்பத்தால் மட்டும் அவரைத் தடுக்கக் கூடாது என்ற கொள்கையும் சட்டத்தில் ஏறியது. அனுமதி முடியும் முன் நீட்டிப்புக்கு விண்ணப்பித்தவர், முடிவு வரும்வரை பழைய நிபந்தனைகளோடு தங்கலாம் என்பதும் விதிமுறைகளின் 183ஆம் பிரிவில் எழுதப்பட்டது. இந்த ஒரு வரி காப்பாற்றிய குடும்பங்கள் எத்தனையோ.

2005 பெப்ரவரி 18இல், ஜோ வோல்பே அமைச்சராக இருந்தபோது, இன்னொரு படி. உள்ளே இருந்து விண்ணப்பிக்கும் துணைவரின் தங்கும் அனுமதி காலாவதியாகிவிட்டாலும், கலியாணம் உண்மையானது என்றால் அந்த ஒரு காரணத்துக்காக விண்ணப்பத்தைத் தள்ளக் கூடாது என்ற பொதுக் கொள்கை வந்தது. பின்னோக்கியும் ஓர் அடி விழுந்தது. 2012 ஒக்டோபரிலிருந்து, உறவு இரண்டு ஆண்டுக்கு உட்பட்டதாக இருந்து, இருவருக்கும் பிள்ளை இல்லாவிட்டால், பி.ஆர். கிடைத்த பிறகும் இரண்டு ஆண்டு சேர்ந்து வாழ வேண்டும், இல்லாவிட்டால் பி.ஆர். போகலாம் என்ற நிபந்தனை. அடிக்கிற கணவனை விட்டு வர முடியாமல் பெண்களை அது கட்டிப்போட்டது. துன்புறுத்தலுக்கு விலக்கு உண்டு என்று எழுதியிருந்தாலும், ஆங்கிலம் தெரியாத, வந்து சில மாதமே ஆன பெண் அதை எங்கே போய் வாசிப்பாள்? 2017 ஏப்ரலில் அந்த நிபந்தனையை நீக்கினார்கள். நீக்கியது நியாயம், கொண்டுவந்ததே அநியாயம்.

2014 டிசம்பர் 22 வரை, உள்ளே இருந்து விண்ணப்பித்த துணைவர் முதற்கட்ட ஒப்புதல் வரும்வரை வேலை செய்ய முடியாது. அந்த ஒப்புதலுக்கே ஒரு வருடத்துக்கு மேல் எடுத்த காலம் அது. வேலையும் இல்லை, ஒன்ராறியோவின் மருத்துவக் காப்புறுதியான ஓஹிப் அட்டையும் இல்லை. டிசம்பர் 22இல் தொடங்கிய பரீட்சார்த்தத் திட்டம், விண்ணப்பம் போட்டவுடனேயே திறந்த வேலை அனுமதிக்கும் கேட்கலாம் என்றது. ஆனால் அதைக் கேட்பதற்குச் செல்லுபடியாகும் தற்காலிக நிலை இருக்க வேண்டும். ஆக, விசிற்றர் தாளின் திகதி மேலும் முக்கியமானது. 2016 டிசம்பரில் கணவன் மனைவி விண்ணப்பங்களைப் பன்னிரண்டு மாதத்துக்குள் முடிப்பதாக அரசு அறிவித்தது. 2023 மே மாதத்தில், வெளியே இருந்து ஸ்பொன்சர் போட்ட துணைவருக்கு விசிற்றர் விசாவை விரைவாகப் பார்ப்பதாகவும், இங்கே நிற்கும் குடும்ப வகுப்பினருக்கும் வேலை அனுமதி தருவதாகவும் அறிவிப்பு வந்தது. ஒவ்வொன்றும் நல்ல படி. ஆனால் ஒவ்வொன்றும் அறிவிப்பாக, பரீட்சார்த்தமாக, கொள்கையாகத்தான் வந்தது.

மேசையில் ஒரு கடவுச்சீட்டு

அண்மையில் ஓர் இளம் சோடி வந்தது. அவள் மானிப்பாய்ப் பக்கம். ஆறாம் மாதக் கர்ப்பிணி. மொழிபெயர்க்கக் கொண்டுவந்தது பிறப்புப் பத்திரம். கடவுச்சீட்டைப் புரட்டிப் பார்த்தேன். விமான நிலைய முத்திரை இருந்தது. அதில் கையால் எழுதிய திகதி எதுவும் இல்லை.

"அக்கா, திகதி போடேல்லை எண்டால் கேள்வி இல்லை எண்டுதானே அர்த்தம்?" என்றாள்.

"இல்லைப் பிள்ளை. போடாட்டி ஆறு மாதம். அடிச்ச நாளிலையிருந்து எண்ணு."

விரல் மடித்து எண்ணினாள். மூன்று வாரம்தான் மிச்சம் இருந்தது. கணவன் முகம் மாறியது. "பி.ஆருக்குப் போட்டு கடிதமும் வந்திட்டுதே அக்கா. இனி ஒண்டும் செய்யத் தேவையில்லை எண்டு எங்களுக்குப் படிவம் நிரப்பித் தந்தவர் சொன்னவர்."

அவர் காசு வாங்கிக்கொண்டு சொன்ன ஆலோசனை அது. பி.ஆர். விண்ணப்பம் கோப்பில் இருப்பது, அந்தப் பெண்ணுக்கு ஒரு நாள்கூடத் தங்கும் அனுமதி தராது. இது சாதாரண மனித மூளைக்கு ஏறாத விதி. அரசிடமே விண்ணப்பம் இருக்கிறது, கட்டணமும் போயிருக்கிறது, அரசே கிடைத்தது என்று கடிதமும் போட்டிருக்கிறது. அப்படி இருந்தும், அவள் இங்கே நிற்பதற்கு அதே அரசிடம் இன்னொரு படிவத்தில், இன்னொரு 100 டொலர் கட்டி, நான் ஏன் இன்னும் போகவில்லை என்று விளக்கம் எழுத வேண்டும்.

அன்று பின்னேரமே உரிமம் பெற்ற ஒருவரிடம் அனுப்பினேன். பி.ஆர். விண்ணப்பம் கிடைத்ததற்கான கடிதம், கலியாணப் பதிவு, கணவனின் சம்பளத் துண்டு, வங்கிக் கணக்கு, கடவுச்சீட்டின் பக்கங்கள் எல்லாம் சேர்த்தார்கள். கடவுச்சீட்டு எப்போது முடிகிறது என்பதையும் பார்க்கச் சொன்னேன். அது முடியும் நாளுக்கு அப்பால் தங்கும் அனுமதி கொடுக்கமாட்டார்கள். முத்திரையின் ஆறு மாதம் முடியும் முன்பே விண்ணப்பம் போய்விட்டது. 183ஆம் பிரிவு அவளைக் காத்தது. பிறக்கப்போகும் பிள்ளை பிறந்த கணமே கனடியப் பிரசை. அந்தப் பிள்ளைக்குப் பால் கொடுப்பவள் அந்த நேரத்திலும் விசிற்றர்.

என் தீர்ப்பு

கணவன் மனைவி ஸ்பொன்சர் விண்ணப்பம் முழுமையாகக் கிடைத்தது என்று அரசு கடிதம் கொடுக்கும் அந்த நாளிலேயே, முடிவு வரும்வரை தங்கும் நிலையும் அதனோடு சேர்ந்து வர வேண்டும். தனிப் படிவம் வேண்டாம், தனிக் கட்டணம் வேண்டாம். நீட்டிப்பு விண்ணப்பம் ஒன்று கையில் இருந்தால் முடிவு வரும்வரை தங்கலாம் என்ற விதி இருபது ஆண்டுக்கு மேலாக இருக்கிறது. அதைவிடப் பெரிய விண்ணப்பமான பி.ஆர். விண்ணப்பத்துக்கு அதே விதி ஏன் பொருந்தக் கூடாது? பொய்க் கலியாணங்களைப் பிடிக்க வேண்டும் என்பார்கள். பிடியுங்கள். அதற்கு நேர்முகம் இருக்கிறது, ஆதாரங்கள் இருக்கின்றன, சட்டம் இருக்கிறது. ஆறு மாதத் தாள் பொய்க் கலியாணம் எதையும் பிடித்ததாக நான் காணவில்லை. அது உண்மையான குடும்பங்களின் நித்திரையைத்தான் கெடுக்கிறது. ரொறன்ரோவின் எங்கள் பாராளுமன்ற உறுப்பினர்கள், தமிழர் வாக்குக் கேட்டு வருபவர்கள், இதை ஒட்டாவாவில் எழுப்ப வேண்டும்.

அது நடக்கும்வரை, காத்திருக்கும் பிள்ளைகளுக்குச் சொல்வது இதுதான். முத்திரையைப் பாருங்கள், திகதி இல்லாவிட்டால் ஆறு மாதம் எண்ணுங்கள். முடிவதற்குக் குறைந்தது 30 நாள் முன்பே நீட்டிப்புக்குப் போடுங்கள். போட்டதற்கான ரசீதைப் பத்திரமாக வையுங்கள். முடிவு வரும்வரை நாட்டை விட்டுப் போகாதீர்கள். போயே ஆக வேண்டுமென்றால் முதலில் சட்டத்தரணியிடம் கேளுங்கள். திகதி தவறிவிட்டால் ஒளிந்திருக்காதீர்கள். 90 நாளுக்குள் நிலையை மீட்கக் கேட்கலாம். ஆலோசனைக்குக் காசு கேட்பவரிடம் முதலில் உரிம எண்ணைக் கேளுங்கள். கேட்பதற்கு வெட்கப்பட வேண்டாம். அது உங்கள் உரிமை.